புது வண்டியில் பேட்டரி இறங்குகிறதா? புது பேட்டரி வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது. சர்வீஸ் சென்டரில் ஒரு நாள் சார்ஜ் போட்டு, "பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு" என்று கொடுத்துவிடுவார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே கதை. புது வண்டியில் பேட்டரி காரணம் இல்லாமல் இறங்காது. பேட்டரியே கெட்டிருக்கலாம், ஓடும்போது சார்ஜ் சரியாக ஏறாமல் இருக்கலாம், நிற்கும்போது எங்காவது கரண்ட் கசியலாம். இதில் எது என்று பார்க்காமல் சார்ஜ் மட்டும் போட்டுக் கொடுத்தால் நோய் அப்படியே இருக்கும். கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், எண்களை எழுதி வைக்க ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

முதலில் பானெட்டைத் திறந்து, பேட்டரி எப்போது தயாரானது என்று பாருங்கள். மேலேயோ பக்கவாட்டிலோ மாதமும் ஆண்டும் அச்சிட்டோ குறியீடாகவோ இருக்கும். வண்டி உங்கள் கைக்கு வந்த தேதி வேறு, பேட்டரி பிறந்த தேதி வேறு. தொழிற்சாலையிலிருந்து வந்து ஸ்டாக் யார்டில் நாலைந்து மாதம் வெயிலில் நின்ற வண்டி என்றால், அத்தனை மாதமும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும். அரைகுறை சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் பிளேட்டுகளில் சல்ஃபேட் படியும். படிந்து இறுகியது பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. டெலிவரி எடுக்கும் அன்றே வோல்ட் அளந்து பார்ப்பது இதனால்தான் நல்லது.

அடுத்தது நம் வேலூர் வெயில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரிக்குள் நடக்கும் அரிப்பின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கத்திரி நாட்களில் சத்துவாச்சாரியிலோ தொரப்பாடியிலோ நிழலில்லாத தெருவில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள். பேட்டரியைக் கெடுப்பது வெயில்; கெட்டது தெரியவருவது பெரும்பாலும் மார்கழிக் காலையில், குளிர்ந்த இன்ஜினைச் சுழற்ற அதிக விசை தேவைப்படும்போது. அதனால் டிசம்பரில் திடீரெனச் செத்த பேட்டரி உண்மையில் மே மாதமே அடி வாங்கியதாக இருக்கலாம்.

இனி அளவுக்கு வருவோம். வண்டியை ஓட்டி நிறுத்தி, குறைந்தது ஐந்தாறு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். இரவு விட்டுக் காலையில் அளப்பது இன்னும் நல்லது. ஓடி நின்றதும் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் காட்டி மீட்டர் ஏமாற்றும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். 10.5-க்குப் பக்கத்தில் நின்று, சார்ஜ் போட்டும் ஏற மறுத்தால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கணக்கு சரியாக இருக்கிறது பாருங்கள். அந்த பேட்டரியை வைத்துக்கொண்டு போராட வேண்டாம், வாரண்டியில் மாற்றித்தான் தர வேண்டும்.

12.4-க்குக் கீழே இருந்தால், வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால் பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். இறங்கிய பேட்டரியைச் சோதித்தால் நல்ல பேட்டரியும் கெட்டதுபோல் காட்டும். பலர் தவறுவது இங்கேதான். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-அவர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும்: 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவசரத்துக்கு 15 ஆம்பியரில் ஏற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அதில் பேட்டரி கொதிக்கும், உள்ளே நிறையாது. காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள், வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு தீப்பொறிக்கே வெடிக்கும். மைனஸ் டெர்மினலில் சின்னப் பெட்டிபோல் சென்சார் மாட்டியிருந்தால், சார்ஜரின் கறுப்புக் கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல் பாடி எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஏறிய சார்ஜ் வண்டியின் கணக்கில் சேராது.

ஒரு ரவுண்டு ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். செல்ஃப் எடுக்கச் செலவாவது மிகக் குறைவு: 200 ஆம்பியரை 2 வினாடி இழுத்தாலும் 0.11 ஆம்பியர்-அவர்தான். அது சில நிமிட ஓட்டத்திலேயே திரும்பிவிடும். ஆனால் நிற்கும்போது கசிந்து பாதியாகிப்போன பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்காகும். காட்பாடியிலிருந்து கிரீன் சர்க்கிள் வரைக்கும் ஏசி, ஹெட்லைட், நெரிசலோடு தினமும் போய் வரும் வண்டிக்கு அது ஒருபோதும் ஏறாது. ஆம்பூர் வரை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் நன்றாக இறங்கிய பேட்டரி நிறையாது.

நிறைந்த பேட்டரியை இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் மீட்டரைப் பிடித்துக்கொண்டே இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சுழலும் நேரத்தில் வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வண்டி எடுத்த பிறகு 13.8 முதல் 14.7 வரை இருந்தால், ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் (டைனமோ என்பார்கள்) சரி. சில புதிய வண்டிகளில், பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்நேட்டரை வண்டியே 12.6 – 13 வோல்ட்டுக்கு இறக்கிவைக்கும். அதைப் பார்த்து டைனமோ போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள், ஏறினால் நல்லது. எல்லாம் போட்டும் 13-ஐத் தாண்டாமல் நின்றால்தான் சந்தேகம்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் மேல் சுத்தமான உலோகத்திலும் வைத்து, கிராங்க் செய்யும்போது, அதாவது செல்ஃப் இன்ஜினைச் சுழற்றும்போது அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள் தளர்ந்திருக்கிறது. புது வண்டியிலும் இது உண்டு, பேட்டரிமேல் பழி விழும்.

இப்போது கசிவு. புது வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். பூட்டி நிற்கும் வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சாதாரணம். அந்த 50-கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். வெளிக்கடையில் மாட்டிய டேஷ்கேம் நிறுத்தத்தில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2, இரண்டரை நாளில் பாதி காலி. ஜிபிஎஸ் டிராக்கர், ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் இடம்) செருகியே விட்ட டாங்கிள், ஆம்ப்ளிஃபயர், அணையாத டிக்கி விளக்கு, எல்லாம் இந்தக் கூட்டம்தான். முதலில் நீங்கள் பிறகு மாட்டியதை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் அளக்க வேண்டும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் மைனஸ் கேபிளைச் சுற்றிப் பிடித்தால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். மல்டிமீட்டர்தான் என்றால் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரையும் அந்த அளவில் வைத்து, மைனஸ் கேபிளுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவில் இணைக்க வேண்டும். பானெட் லாக்கையும் கதவு லாக்கையும் ஸ்குரூ டிரைவரால் அழுத்தி, மூடியதுபோல் வண்டியை நம்பவையுங்கள். இல்லாவிட்டால் அதன் கம்ப்யூட்டர்கள் அணைந்து தூங்கவே போகாது. பூட்டி, சாவியைக் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி வைத்து, 30 – 40 நிமிடம் காத்திருங்கள். முதலில் பல ஆம்பியர் காட்டும், படிப்படியாக இறங்கும். பொறுமைதான் இங்கே முக்கியம். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது தவறியும் இக்னிஷனைப் போடாதீர்கள், ஃபியூஸ் மட்டுமல்ல மீட்டரே போய்விடும்.

அரை மணிக்குப் பிறகும் 50-க்கு மேல் நின்றால், ஒவ்வொரு ஃபியூஸின் மேல் முகத்தில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லி வோல்ட் அளந்து பாருங்கள். இதற்கு மீட்டரைத் தொடர் இணைப்பிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கும் முன் கேபிளைத் திரும்ப டெர்மினலில் பிடித்துவிட்டு, பிறகு சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி விழித்திருந்தால் மறுபடி அரை மணி காத்திருங்கள். பூஜ்யம் காட்டினால் அந்த வழியில் கரண்ட் போகவில்லை. ஏதாவது காட்டினால் அதைத்தான் பின்தொடர வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட இது மேல், பிடுங்கினால் தூங்கும் கம்ப்யூட்டர்கள் விழித்து அளவு குழம்பும். எந்த ஃபியூஸ் என்று எழுதி வைத்துக்கொண்டு, மீதியைச் சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள். வாரண்டி உள்ள வண்டியில் வயரை வெட்ட வேண்டாம், வெட்டினால் வாரண்டிக்கே உலை வைத்தாகிவிடும்.

டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றுங்கள், மாட்டும்போது தலைகீழ். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துலக்கி, காய்ந்த பிறகு இறுக்கி, மேலே வாசலின் தடவலாம். செல்லுக்கு ஒரு மூடி என்று திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால் ஒவ்வொரு செல்லிலும் பிளேட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவு நீர் இருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். பாலாற்றுப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு ஊர் அறிந்தது. ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீர் என்று எதையும் ஊற்றாதீர்கள், அதிலும் தாது இருக்கிறது. சீல் செய்த பேட்டரியில் தண்ணீர் ஊற்ற வழியே இல்லை. அதன் மேல் உள்ள பச்சைக் கண் ஆறு செல்லில் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்கிறது, அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சர்வீஸ் சென்டருக்கு எழுதிய எண்களோடு போங்கள்: தேதி, எத்தனை மணி நேரம் நின்றது, ஓய்வு வோல்ட், கிராங்க் வோல்ட், சார்ஜிங் வோல்ட், கசிவு. "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று ஜாப் கார்டில் எழுதினால் ஸ்டார்ட் ஆக வைத்துக் கொடுத்து முடித்துவிடுவார்கள். "எட்டு மணி நேர ஓய்வுக்குப் பின் 11.9 வோல்ட், கசிவு சோதித்துத் தரவும்" என்று எழுதச் சொல்லுங்கள். பேட்டரி டெஸ்டரின் அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்; அதில் அளந்த சிசிஏ எண் (குளிரில் ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய கரண்ட்), பேட்டரிமேல் அச்சிட்ட எண்ணைவிட நன்றாகக் குறைந்திருந்தால் வாதம் தேவையில்லை. பல வண்டிகளில் பேட்டரிக்கு வண்டி வாரண்டி பொருந்தாது, பேட்டரி தயாரிப்பாளரின் தனி வாரண்டிதான். கையேட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு முறை போனதற்கும் ஜாப் கார்டு வாங்கி வைத்திருந்தால், பின்னால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலோ வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ முறையிட அதுவே சாட்சி.

வழியில் நின்றுவிட்டால் ஜம்பர் கேபிள். சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை இறங்கிய வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. நல்ல வண்டியின் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு இறங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது அப்படியே பின்னிருந்து. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி எடுக்க முயல வேண்டாம். மின்சார வண்டிக்கும் 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு, அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி உயிர் பெறாது. அதற்குக் கையேட்டில் சொன்ன வழியே வழி.

மாற்றத்தான் வேண்டும் என்றால், சிக்னலில் தானே அணைந்து எடுக்கும் வண்டிக்கு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். பழைய பேட்டரியை, புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். காயலான் கடைக்குப் போட்டால் ஆசிட் எந்தச் சாக்கடையில் கொட்டப்படும் என்று யாருக்கும் தெரியாது. காட்பாடி ஜங்ஷனில் வண்டியை விட்டுவிட்டு மூன்று வாரம் வெளியூர் போகிறவர்கள் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் கடிகாரம், ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி அமைப்பு போன்றவற்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கழற்றும் முன் சாவியில் உள்ள மெக்கானிக்கல் சாவி கதவைத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரிமோட் அப்போது வேலை செய்யாது.