பழைய ஸ்டைன்ஸ் இன்ஜினுக்கு டிகோடர் கட்டுவது

டிகோடர் (தண்டவாளத்தில் வரும் கட்டளையைப் படிக்கும் சின்ன சர்க்யூட்) கருகிப்போச்சு என்று யாராவது மாடல் ரயில் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "பத்தவைக்கிறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" என்பதுதான். பெரும்பாலும் பதிலுக்கு ஒரு சிரிப்பு வரும். இந்த வேலையில் முக்கால்வாசி மீட்டர் வேலை. ஈயம் வைப்பது கடைசிக் கால்வாசி.

நான் எடுத்துக்கொள்வது எல்ஜிபி என்ற மாடல் ரயில் பிராண்டின் ஸ்டைன்ஸ். 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் ஜெர்மனியிலிருந்து வந்த முதல் இன்ஜின் இது. 1892-இல் லின்ஸ் நகரத்து கிராவுஸ் ஆலை ஆஸ்திரியாவின் ஸ்டைன்ஸ் கிளைப் பாதைக்குக் கட்டிக்கொடுத்த குட்டி நீராவி இன்ஜினின் மாதிரி. அசல் ஓடியது 760 மி.மீ. பாதையில், 1:22.5 அளவில் சுருக்கினால் 34 மி.மீ.கூட வராது. எல்ஜிபி அதைத் தன் 45 மி.மீ. தண்டவாளத்தில் ஏற்றிவிட்டது. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, உள்ளே விரல் போக இடம் இருக்கிறதே!

சாதாரண டிசியில் மின்சாரம் சக்கரத்திலிருந்து நேராக மோட்டாருக்குப் போகிறது. டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு வோல்டேஜ் இருக்கும், இந்தப் பெரிய இன்ஜின்களுக்கு 18 முதல் 22 வோல்ட் வரை. கட்டளையும் அதிலேயே கலந்து வரும். அதைப் படித்து மோட்டாருக்கு எவ்வளவு விடுவது என்று முடிவு செய்வது டிகோடர். ஆகவே மோட்டாரின் இரண்டு முனைகளும் டிகோடரைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. ஒரு முனை தண்டவாளத்தோடு ஒட்டியிருந்தாலே டிகோடர் போய்விடும்.

முதலில் மோட்டார் பெட்டியின் மேலே எத்தனை ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். பிந்தைய பெட்டிகளில் நான்கு: பிரவுன், வெள்ளை ஒயர்கள் தண்டவாளத்துக்கு, மஞ்சள், பச்சை மோட்டாருக்கு. இரண்டோ மூன்றோ ஊசிதான் என்றால் உள்ளேயே தண்டவாளப் பக்கமும் மோட்டாரும் சேர்ந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து, பித்தளைப் பட்டையை மோட்டார் முனையிலிருந்து பிரித்து, மோட்டாருக்குத் தனியாக இரண்டு ஒயர் வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கை வராதென்றால் நான்கு ஊசிப் பெட்டி வாங்கி மாற்றிவிடுவது உத்தமம்.

ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய இன்ஜினில் யார் யாரோ கை வைத்திருப்பார்கள். மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டார் ஒயரிலும் மறுமுனையை ஒவ்வொரு சக்கரத்திலும், தண்டவாளத்தில் உரசி மின்சாரம் எடுக்கும் ஒவ்வொரு உலோகக் காலணியிலும் (பிக்-அப் ஷூ) வையுங்கள். எங்கும் பீப் வரக் கூடாது. சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றியபடியே பாருங்கள், இன்ஜினை மேலிருந்து அழுத்தியும் பாருங்கள். சில ஷார்ட்டுகள் ஒரே ஒரு கோணத்தில்தான் தலைகாட்டும்.

அடுத்து, டிகோடர் எவ்வளவு கரண்டைத் தாங்க வேண்டும் என்று தெரியவேண்டும். பழைய டிசி சப்ளையில் 18 வோல்ட் கொடுத்து, நடுவே ஆம்பியர் மீட்டரின் 10 ஆம்பியர் துளையைச் சேர்த்து, சக்கரம் நிற்கிற அளவுக்கு இன்ஜினை அழுத்திப் பிடியுங்கள். ஒரு நொடி போதும், அதற்கு மேல் மோட்டார் சூடாகும். அந்த அளவைத் தொடர்ந்து தாங்குகிற டிகோடராக வாங்குங்கள். சின்ன அளவு இன்ஜின்களுக்கான 1 ஆம்பியர் டிகோடர் விலை குறைவு என்று இதில் வைக்க ஆசைப்படாதீர்கள். இஎஸ்யூ, ஜிமோ, மஸோத் எல்லாரும் பெரிய இன்ஜினுக்கென்றே தனியாகச் செய்கிறார்கள்.

இனி ஒயர்கள். சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார். வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ். இங்கே ஒரு குழப்பம் வரும்: டிகோடரின் வெள்ளையும் மஞ்சளும் வேறு, எல்ஜிபியின் வெள்ளையும் மஞ்சளும் வேறு. பழைய ஒயர்களில் பேனாவால் எழுதிய டேப் ஒட்டிவிடுங்கள். டிகோடரில் ஸ்க்ரூ டெர்மினல் இருந்தால் இந்த நிறமெல்லாம் இராது, கூட வரும் தாளைப் பாருங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிடலாம். பத்தவைத்த ஒவ்வொரு இணைப்பிலும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை விட்டுவிடும், தோட்டத்தில் ஓடுகிற இன்ஜினுக்கு அது ஆகாது.

விளக்கின் கால்கள் தண்டவாளத்தோடு சேர்ந்திருந்தால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். பல்பின் அடியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 5 வோல்ட் பல்பை நீலத்தில் நேராகக் கொடுத்தால் உடனே போய்விடும். வெள்ளை எல்இடி போடுவதானால் 20 வோல்ட்டுக்கு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர். 11 மில்லி ஆம்பியர் ஓடும், பளிச்சென்று எரியும். ரெசிஸ்டரில் 0.19 வாட் வீணாவதால் கால் வாட் சூடேறும், அரை வாட்டே போடுங்கள். புகை யூனிட் நிறையக் கரண்ட் இழுக்கும். டிகோடரின் அந்த வெளியீடு தாங்குமா என்று தாளில் பார்த்த பிறகு இணையுங்கள்.

முதல் சோதனை புரோகிராமிங் டிராக்கில்தான், அதாவது டிகோடரின் அமைப்பைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்த தண்டவாளத் துண்டில். அங்கே கரண்ட் அளவாகவே வரும். தவறு இருந்தாலும் டிகோடர் பிழைக்க வழி உண்டு. சிவி என்பது டிகோடருக்குள் அமைப்பு எண்களை வைக்கும் இடம். இன்ஜினின் முகவரி இருக்கும் சிவி 1-ஐப் படியுங்கள். புது டிகோடரில் இருக்கும் 3 என்று வந்தால் தண்டவாளப் பக்கமும் மோட்டார் பக்கமும் சரி. பிழை என்று வந்தால் மெயின் லைனுக்குக் கொண்டுபோகாமல் மீட்டருக்குத் திரும்புங்கள்.

விளக்கு சரியாக எரிந்து இன்ஜின் மட்டும் பின்னோக்கி ஓடினால் ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றுங்கள். விளக்கும் ஓட்டமும் சேர்ந்து தலைகீழாக இருந்தால் ஒயரைத் தொட வேண்டாம், சிவி 29-இல் இருக்கும் எண்ணோடு 1 கூட்டுங்கள். அதே சிவி 29-இல் டிசி ஓட்டத்துக்கான 4-ஐக் கழித்துவிடுவது என் வழக்கம். அது இருந்தால் சிக்னல் கலங்கும்போது சில டிகோடர்கள் டிசி என்று நினைத்து இன்ஜினைப் பாய விட்டுவிடும். எண்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இஎஸ்யூ, ஜிமோ இரண்டிலும் சிவி 8-இல் 8 எழுதினால் ஆலை அமைப்புக்குத் திரும்பிவிடும்.

உடம்பை மூடும்போது எடைக்கட்டிக்கு அடியில் ஒயர் நசுங்காமல் பாருங்கள். எல்லா ஸ்க்ரூவும் முடுக்கியானதும் இன்னொரு முறை புரோகிராமிங் டிராக்கில் வைத்து சிவி 1-ஐப் படியுங்கள். நசுங்கிய ஒயர் மூடிய பிறகுதான் ஷார்ட் ஆகும்.