பழைய கிட்டாரில் கம்பி உயரத்தைக் குறைத்த விதம்

கொல்கத்தாவில் செய்த, அதிகம் பேர் கேள்விப்படாத கம்பெனியின் பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சத்தம் அருமை, ஆனால் 12ஆவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃபிரெட்) தடித்த ஈ கம்பி 4 மி.மீ. உயரத்தில் நின்றது, எஃப் கார்டு பிடித்தாலே விரல் எரியும்.

முதலில் கழுத்து. 1ஆவது ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்தி, 7ஆவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும், கால் மி.மீ. போதும். எனக்கு அதிகம் இருந்ததால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் இறுக்கினேன், ஒரே மூச்சில் அதற்கு மேல் திருகாதீர்கள், பழைய ராடு உடைந்தால் கிட்டாரே போச்சு.

அப்புறம் சேடில், அதாவது உடல்மேல் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டையில் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டு. 12ஆவது ஃபிரெட் கம்பி நீளத்தின் சரிபாதி என்பதால், அங்கே 1 மி.மீ. குறைய சேடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பக்கத்தை மட்டும் தேய்த்தேன். அடி சமமாக இல்லாவிட்டால் சத்தம் செத்துவிடும்.

இப்போது 2.7 மி.மீ., கம்பியும் மெல்லிய 11 செட் (மிக மெல்லிய கம்பி 0.011 அங்குலத் தடிமன்).

வாங்கப் போகிறவர்கள் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது, அதற்கு ரிப்பேர் தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும்.