மைனஸ் மூணு பால்குடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் எஸ்டேட் கோயிலின் பால்குடப் பதிவுக்கு நான்தான் பிஎச்பி என்ற நிரல் மொழியில் இணையப் படிவம் எழுதினேன். குடம் குறைந்தது 1 என்று பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே போட்டிருந்தேன், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் காவல் வேறு.

ஒருநாள் கணக்குப் பார்க்கும் எஸ்டேட் குமாஸ்தா, கிராணி அங்கிள், கூப்பிட்டார். "தம்பி, மைனஸ் மூணு குடம்னு இருக்கே, திருப்பிக் கொடுக்கப் போறாரா?"

பக்கத்து லயத்துப் பையன் பக்கத்தின் குறியீட்டைத் திறந்து மாற்றவிடும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் அந்த 1-ஐ அழித்துவிட்டு அனுப்பியிருக்கிறான். விளையாட்டுக்குத்தான். பிரவுசரில் நடக்கும் சோதனை நிரப்புகிறவர் கையில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினால் அந்தக் காவலும் போயிற்று.

சரி என்று எல்லாவற்றையும் சர்வரில் மறுபடி சோதித்தேன். எண்ணிக்கை 1 முதல் 5 வரை முழு எண், அது சுலபம். ஐசி எண்தான், அதாவது மலேசிய அடையாள அட்டை எண்தான், இழுத்தடித்தது. சிலர் நடுவில் கோடு போடுகிறார்கள், சிலர் இடைவெளி விடுகிறார்கள். இரண்டையும் நீக்கிவிட்டு 12 இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அதைப் பிரித்து, தேதி சரியா என்று பார்க்கும் பிஎச்பியின் செக்டேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 900231 மாட்டிக்கொள்ளும். பிப்ரவரி 31-இல் யார் பிறந்தார்கள்? தப்பு வந்தாலும் நிரப்பியது அழியாது. பெரியவர்களை இன்னொரு முறை தட்டச் சொன்னால் திட்டுதான் விழும்.

அப்புறம் அந்தப் பையனையே உடைத்துப் பார்க்கச் சொன்னேன். பெயர்க் கட்டத்தில் வெறும் ஸ்பேஸ் அடித்து அனுப்பினான், படிவம் ஏற்றுக்கொண்டுவிட்டது. முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை நீக்கும் டிரிம் போட மறந்திருந்தேன்.