ஒரே கட்டைவிரலை இரண்டு முறை பதியுங்கள்

போனில் கைரேகை பதியும்போது, அதே கட்டைவிரலை இரண்டு தனி விரல்கள்போலப் பதிந்து வையுங்கள். முதல் முறை நடுப்பகுதி. அடுத்த முறை நுனியும் ஓரங்களும், போனை ஒரு கையில் பிடித்தபடியே.

சென்சார் சின்னது, ஒரு தொடுதலில் ரேகையின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. அவசரத்தில் விரல் சாய்வாகப் பட்டாலும், பதிந்து வைத்த துண்டுகள் கூடுதலாக இருப்பதால் ஏதோ ஒன்று பொருந்திவிடும்.

சில போன்கள் 'இந்த விரல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று மறுத்துவிடும். அப்போது பழையதை அழித்துவிட்டு, ஓரங்களையும் சேர்த்து நிதானமாகப் பதிய வேண்டியதுதான். ஈரக்கைக்கும், பாத்திரம் தேய்த்தோ சிமென்ட் வேலையிலோ ரேகை தேய்ந்த விரலுக்கும் இது பெரிதாக உதவாது. திரைக்கு அடியில் சென்சார் உள்ள போனில் புது டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால், அதன்மேல் மறுபடி பதிவது நல்லது.