ஓம்னிக்கு அடியில் ‘டொக்’: கிராஸ் மாற்றும் வேலை

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கிற டைல்) ஏற்றுகிற வண்டி என்னுடையது, 2004 மாடல் ஓம்னி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, வைக்கோல் கொடுத்துக் கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் கொண்டுபோய் இறக்குவேன். போன ஆவணியில் ஒரு வீட்டு ஆச்சி கல் பார்க்க என் வண்டியிலேயே வந்தாக. கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் ‘டொக்’. “என்ன தம்பி, அடியில யாரோ கொட்டாங்கச்சியத் தட்டுறாக?” என்றாக. மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதிலேயே விழாத சத்தம் அது. கிராஸ் தேய்ந்தால் வருகிற சத்தம்.

கடையில் போய் ‘ஆக்ஸில் ஜாயின்ட்’ என்று கேட்காதீர்கள். மாருதி 800-க்கு முன்சக்கரம் இழுக்கும், அதனால் அதன் ஆக்ஸிலில் சிவி ஜாயின்ட். இன்ஜின் அதே 796 சிசி என்றாலும் ஓம்னிக்குப் பின்சக்கரம்தான் தள்ளும். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற புரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருப்பது யூஜே கிராஸ், அதாவது யுனிவர்சல் ஜாயின்ட்டின் நடுவில் கூட்டல் குறி மாதிரி நாலு காலோடு இருக்கும் துண்டு. ஒவ்வொரு காலையும் மூடியிருப்பது கப், அந்தக் கப்புகள் உட்காருகிற கவைதான் யோக். பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குவதுதான் நல்லது.

தேய்ந்தது கிராஸ்தானா என்று முதலில் பாருங்கள். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் அண்டக் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது, செங்கல்லையும் நம்பக் கூடாது. நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் பிளாஞ்சையும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். நடுவில் ஆட்டம் இருந்தால் கிராஸ் போய்விட்டது. இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் ஆடினால் அது டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) பல்லின் இடைவெளி, ஓரளவு இருக்கத்தான் செய்யும். கப் ஓரத்தில் கசியும் துருப்பொடி இன்னொரு அடையாளம். நம்ம ஊரில் செம்மண்ணும் அதே நிறத்தில் அப்பியிருக்குமே! துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். கப்பைச் சுற்றி மட்டும் திரும்பக் குங்குமம் பூத்தால் அது துரு.

கழற்றுமுன், ஷாஃப்ட்டின் பின் பிளாஞ்சிலும் டிஃபரன்ஷியல் பிளாஞ்சிலும் சேர்த்து ஒரு பஞ்ச் குறி. பழைய இடத்திலேயே உட்கார்ந்தால்தான் ஷாஃப்ட் அதிராமல் சுற்றும். நாலு போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கம் இழுத்தால் முன்முனை கியர்பாக்ஸிலிருந்து உருவிக்கொண்டு வரும், கூடவே கியர் ஆயிலும் வரும். அந்த வாயில் பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டு மாட்டிவிடுங்கள். ஷாஃப்ட் கழன்ற பிறகு கியரில் போட்டு நிறுத்தியும் பிரயோசனம் இல்லை, சக்கரத்தைப் பிடிக்காது.

கப்பை வெளியே விடாமல் பிடித்திருப்பது சர்க்கிளிப் என்கிற வளையம், பட்டறையில் ‘லாக்’ என்பார்கள். முதல்நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தால் மறுநாள் பிளையருக்கு வந்துவிடும். பிறகு வைஸ், அதாவது மேசையில் பொருத்தி இறுக்கிப் பிடிக்கிற கருவி. ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் உள்ளே விழுகிற அளவு பெரிய சாக்கெட், நடுவில் யோக். இறுக்கினால் கப் நகர்ந்து வெளியே வரும். சுத்தியலால் அடித்துக் கழற்றுகிறவர்களும் உண்டு. யோக்கின் காது வளைந்தால் புதுக் கிராஸ் போட்டும் சத்தம் போகாது.

புதியதைப் போடும் இடத்தில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். கப்புக்குள் ஊசி மாதிரி நீடில்கள் சுற்றிலும் நிற்கும், அவற்றை நிறுத்தி வைத்திருப்பது வெறும் கிரீஸ். ஒரு நீடில் சாய்ந்து அடியில் குறுக்கே படுத்துக்கொண்டது. கப் முழுசாக இறங்கவில்லை, லாக் அதன் பள்ளத்தில் உட்காரவில்லை. நான் அவசரத்தில் ரெண்டு தட்டுத் தட்டி லாக்கைத் திணித்தேன். அந்த வாரமே குன்றக்குடி ரோட்டில், லோடோடு, லாக் தெறித்தது. நல்லவேளை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது செய்வது இப்படி: ஒரு கப்பை யோக்கில் பாதி இறக்கி, கிராஸின் காலை அதற்குள் நுழைத்துவிடுவேன். கால் உள்ளே இருக்கும்வரை நீடில் சாய முடியாது. காலை வெளியே வரவிடாமல் பிடித்தபடி எதிர்க் கப்பையும் அதன் மேல் ஏற்றி, வைஸில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவேன். பள்ளம் முழுசாகத் தெரிந்தால் லாக். தெரியாவிட்டால் யோசிக்காமல் கழற்று, நீடில் விழுந்திருக்கிறது. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள், கிரீஸ் கன் எட்டுகிற பக்கம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

நாலும் மாட்டியதும் கையால் எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். ஆட்டமும் கூடாது, எங்கேயும் பிடிக்கவும் கூடாது. லேசாகப் பிடித்தால் யோக்கின் காதில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு, கப் லாக்கோடு போய் ஒட்டிக்கொள்ளும். கப் கைவிரலாலேயே யோக்கில் சறுக்கி இறங்கினால் துளை தேய்ந்துவிட்டது. பஞ்ச் குத்தி இறுக்குவது, தகடு கொடுப்பது எல்லாம் சில நாள் வைத்தியம், ஷாஃப்டையே மாற்றுங்கள்.

திரும்ப மாட்டும்போது கியர்பாக்ஸ் வாயிலுள்ள ஆயில் சீலின் உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி, குறிக்குக் குறி சேர்த்து, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். நாலு கப்பிலும் கசியும்வரை கிரீஸ் அடியுங்கள். கொட்டிய ஆயிலை ஊற்றி நிரப்பவும் மறக்க வேண்டாம். மறுநாள் லோடு ஏற்றுமுன் அந்த நாலு போல்ட்டையும் இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.