பருமனானவரின் கழுத்தில் ஏர்வே ஸ்கேன்: மயக்க மருந்துக்கு முன் செய்வது எப்படி

மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாயில் குழாய் போடுவது கடினமாகுமா என்று கழுத்தை முன்கூட்டியே ஸ்கேன் செய்து பார்ப்பதுதான் ஏர்வே (மூச்சுப்பாதை) ஸ்கேன். நரம்பு பிளாக் (ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட ஆபரேஷன் தியேட்டரில் வைத்திருக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷினே இதற்குப் போதும். லீனியர் புரோப் (தோலில் வைக்கும், முகப்பு நேராக உள்ள கருவி) எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கின் தடிமன் அளக்க வளைந்த புரோப் வேண்டும். பழகும் நாட்களில் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் படுக்கை. தோளுக்கும் தலைக்கும் கீழே கம்பளிகளை மடித்து அடுக்கி, காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். எந்த நிலையில் அளந்தோம் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கழுத்து நிமிர்ந்தால் அளவும் மாறும்.

அடுத்து எபிகிளாட்டிஸ், அதாவது குரல்வளையின் மூடி. தோலிலிருந்து அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைத்தான் அளக்கப் போகிறோம். புரோப்பைக் குறுக்காக வைத்து, தாடைக்குக் கீழே கழுத்தில் இருக்கும் ஹையாய்டு எலும்பைத் தேடுங்கள்: கவிழ்ந்த வளைவாகப் பளிச்சென்று, பின்னால் நிழலோடு தெரியும். அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கினால் கறுத்த வளைந்த பட்டை ஒன்று, அதை ஒட்டிப் பின்னால் காற்றின் வெள்ளைக் கோடு. அந்தப் பட்டைதான் எபிகிளாட்டிஸ். கொழுப்பு மிகுந்த கழுத்தில் எல்லாமே மங்கலாக இருக்கும். அப்போது, "அம்மா, நாக்கை நல்லா வெளிய நீட்டுங்க, இப்ப எச்சில் முழுங்குங்க" என்று சொல்லுங்கள். அசைவதை வைத்து அடையாளம் கண்டுவிடலாம்.

பலருக்கும் கை தடுமாறுவது இதற்குப் பிறகுதான். படம் மங்கலாக இருந்தால் கை தன்னால் அழுத்தும். அழுத்தினால் கொழுப்பு நசுங்கி அளவு சில மில்லிமீட்டர் குறையும்; நாம் பார்க்கும் வித்தியாசமே மில்லிமீட்டர் கணக்குதான். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, சுண்டுவிரலை நோயாளியின் மேல் ஊன்றி, புரோப்பைத் தூக்கிப் பிடியுங்கள். திரையின் உச்சியில் ஜெல் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். அது மறைந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பட்டை இருக்கும்போதே ஃப்ரீஸ் செய்து, ஜெல் முடிந்து தோல் தொடங்கும் இடத்திலிருந்து எபிகிளாட்டிஸின் முன்பக்கம் வரை அளங்கள். நடுவில், இடப்புறம், வலப்புறம் என மூன்று அளவு எடுத்துச் சராசரி பாருங்கள்.

2.5 செ.மீ.க்கு மேல் போனால் நான் வீடியோ லாரிங்கோஸ்கோப்பையும் (குரல்வளையைத் திரையில் காட்டும் கருவி) பூஜியையும் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கோல்) கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறேன். ஆனால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2003இல் எஸ்ரி குழுவினர் பருமனான 50 பேரின் கழுத்து முன்பக்கத் திசுவின் தடிமனைக் குரல்நாண் மட்டத்தில் அளந்தபோது, லாரிங்கோஸ்கோபி கடினமானவர்களுக்கு 28 மி.மீ., எளிதானவர்களுக்கு 17.5 மி.மீ. என்று வந்தது. 2007இல் கொமாட்சு குழு பார்த்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. கழுத்துச் சுற்றளவு, வாய் திறப்பு, மல்லம்பட்டி (வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்ற மதிப்பீடு), குறட்டை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் முடிவு.

எனக்கு எண்ணைவிட முக்கியம் கிரைகோதைராய்டு சவ்வைக் குறிப்பது. குழாய் போட முடியாமல் போனால், அவசரமாகக் கீறி மூச்சுக்கு வழி செய்யும் இடம் அது. பருத்த கழுத்தில் விரலால் தடவி அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தவறிப்போகிறது. புரோப்பை நெடுக்காகத் திருப்புங்கள்: மூச்சுக்குழாய் வளையங்கள் கோர்த்த மணிகளைப் போல வரிசையாக வரும். தலைப்பக்கம் போனால் அவற்றைவிடப் பெரியது கிரைகாய்டு குருத்தெலும்பு. அதற்கு மேலே சவ்வு. புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய ஊசியைப் படுக்கை வாட்டில், குத்தாமல் நுழைத்து, திரையில் ஊசியின் நிழல் சவ்வின் மேல் விழும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஏற்காடு போன்ற இடத்துச் சிறிய மருத்துவமனை என்றால் இன்னும் கவனம்: மருந்து போட்ட பிறகு திணறினால், உதவிக்கு வருபவர் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். கழுத்து சந்தேகமாக இருந்தால், நோயாளி விழித்திருக்கும்போதே கீழே அனுப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. குறித்த கோடு, கழுத்தை நிமிர்த்தியதும் இடம் மாறுகிறதே என்பது ஒன்று. தோல் நகரத்தான் செய்யும். அவசரத்தில் கீற வேண்டி வந்தால் கழுத்தை எப்படி நிமிர்த்துவீர்களோ, அதே நிலையில் வைத்துக் கோடு போடுங்கள். மற்றொன்று, வார்டுக்கு மெஷினைத் தூக்கிப் போகலாமா என்பது. கருவின் பாலினத்தை அல்ட்ராசவுண்ட் மெஷினால் பார்க்க முடியும் என்பதால், 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் கழுத்து ஸ்கேன் மெஷினுக்கும் பொருந்தும். எந்த வளாகத்துக்குப் பதிவாகியிருக்கிறது என்று சான்றிதழைப் பார்த்த பிறகே நகர்த்துங்கள். ஒரு மருத்துவமனை மெஷினைக் காரில் போட்டு இன்னொரு மருத்துவமனைக்கு எடுத்துப் போகவே வேண்டாம்.