சித்தாள் கையில் கரண்டி கொடுப்பது எப்படி

ஒன்பது வருஷம் சித்தாளாகக் கல்லும் கலவைச் சட்டியும் சுமந்தேன். பிறகு கொத்தனார். இப்போது ஐந்து வருஷமாகச் சின்ன வீடுகளை நானே மேஸ்திரியாக எடுத்துக் கட்டுகிறேன். சேலத்தில் கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, அயோத்தியாப்பட்டணம், எப்போதாவது ஏற்காட்டு மேலேயும் வேலை இருக்கும். இதுவரை என்னிடம் ஏழு பெண்கள் கொத்துக் கரண்டி பிடித்துச் சுவர் கட்டப் பழகியிருக்கிறார்கள். நாலு பேர் இன்று முழுக் கொத்தனார். மூன்று பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் நின்றது என் தப்பால். அந்தத் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். மேஸ்திரிகள் படிக்க வேண்டும், வீடு கட்டுகிறவர்களும் படிக்க வேண்டும்.

பெண்ணைக் கொத்தனாராக்கலாம் என்றால், "பொம்பளைக்கு அந்த வலு வராதுங்க" என்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். நல்ல நாளில் ஒரு கொத்தனார் 500 கல் வைக்கிறார் என்று வையுங்கள். ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. அந்த 1,500 கிலோவையும் தெருவிலிருந்து மாடிக்குத் தலையில் கொண்டுபோனது யார்? கலவை அதில் சேரவில்லை. கொத்தனார் கையில் ஒரு நேரத்துக்கு இருப்பது ஒரு கல்லும் ஒரு கரண்டிக் கலவையும். அதற்கு வேண்டியது பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் நாம் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை. பெயரையே பாருங்கள். சித்தாள் என்றால் சின்ன ஆள். இருபது வருஷம் வேலை பார்த்த நாற்பது வயதுக்காரி சின்ன ஆள், நேற்று மம்பட்டி பிடித்துக் கலவை போட வந்த பையன் பெரியாள்.

யாரைக் கேட்பது

சைட்டில் இரண்டு நாள் பேசாமல் கவனியுங்கள். கலவைச் சட்டியைக் கொத்தனார் திரும்பாமல் எட்டுகிற இடத்தில் வைக்கிறவள் இருப்பாள். சொல்லாமலே கல்லை நனைத்துக் கொண்டுவருகிறவள் இருப்பாள். "அண்ணா, நூலு தொங்குது பாருங்க" என்று கீழே நின்றே சொல்கிறவள் இருப்பாள். அவள் பாதித் தொழிலைக் கண்ணாலேயே கற்றுவிட்டாள். அவளைக் கேளுங்கள்.

எல்லாருக்கும் முன்னால் கேட்கக் கூடாது. டீ குடிக்கும்போது தனியாகக் கேளுங்கள். முதல் தடவை "எனக்கெதுக்குக்கா அதெல்லாம்" என்பாள். என்னிடம் வந்த ஏழு பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். இரண்டாவது தடவை கேட்டால்தான் நாம் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று நம்புவார்கள்.

சரி என்றதும் கருவி வாங்கிக் கொடுங்கள். எந்தக் கொத்தனாரும் தன் கரண்டியை இரவல் தரமாட்டார், தந்தாலும் முகம் சுளிப்பார். கைக்கு அடங்குகிற சின்னக் கரண்டி, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு, நூல்கண்டு, டேப், பூச்சைத் தேய்க்க மணியாசுக் கட்டை, இவற்றைப் போட ஒரு பை. பை அவளுடையதாக இருக்கட்டும், சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

காலையில் ஒரு மணி நேரம்

என் முதல் தப்பு இங்கேதான். முதன்முதலில் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தபோது சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் நேரம் ஒதுக்கினேன். நாளெல்லாம் சுமந்த கை, கரண்டி பிடித்ததும் நடுங்கியது. கலவை கல்லில் நிற்காமல் கீழே வழிந்தது. பத்தாவது நாள், "எனக்குக் கை வரலக்கா, விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கைக்கு என்ன குறை? அசதி, அவ்வளவுதான். அது எனக்கு உறைத்தபோது அவள் வேறு வேலைக்குப் போயிருந்தாள்.

அதனால் காலை டீக்கு முன்னால், கை தளராத நேரத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் சிமெண்ட் வேண்டாம். செம்மண்ணைக் குழைத்து, மூன்றடி நீளம் இரண்டடி உயரத்துக்குச் சுவர் வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அதை அவளே பிரித்துக் கல்லைக் கழுவி அடுக்கட்டும். பிரிக்கப்போகிற சுவர் என்றால் பயமிருக்காது, கல்லும் வீணாகாது.

டேப் படிக்கத் தெரியுமா என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிடாதீர்கள். பதினைந்து வருஷம் சித்தாளாக இருந்தவர்களுக்குக்கூட ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். தனியாக உட்கார்ந்து சொன்னால் அரை மணி நேர வேலை. மூலை மட்டம் பார்க்கவும் அப்போதே பழக்கிவிடலாம். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. டியூப்பில் தண்ணீர் மட்டம் பார்ப்பதில் பெரும்பாலும் சித்தாள்தான் மறுமுனையைப் பிடித்திருப்பாள். இப்போது குறி போடுகிற முனையை அவளிடம் கொடுங்கள்.

அதன்பிறகு நிஜச் சுவர். காம்பவுண்டுச் சுவர் நல்லது. இரண்டு மூலையையும் பழைய கொத்தனார் முதலில் கட்டித் தூக்கட்டும், நடுவில் கட்டின நூலைப் பார்த்து வரிவரியாகக் கல் வைப்பது, அதாவது வரி ஓட்டுவது, இவள் வேலை. இரண்டு கல் சேரும் ஒட்டுக்கு நேர் மேலே இன்னொரு ஒட்டு வரக் கூடாது, கல்லின் பள்ளம் மேலே பார்க்க வேண்டும், அரைக்கல்லை எங்கே விடுவது என்பதெல்லாம் வாயால் சொல்வதைவிட மூன்று வரி ஓடினால் தானாக வரும்.

இங்கே மேஸ்திரிகள் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். புதுக் கை மெதுவாகத்தான் ஓடும். சிமெண்டோ தண்ணீர் பட்ட அரை மணிக்கு மேல் இறுகத் தொடங்கிவிடும். முழு மூட்டையைக் கலந்து ஒரே குவியலாகக் கொடுத்தால் பாதி இறுகிப் போகும். உடனே தண்ணீர் ஊற்றி மறுபடி பிசைந்து தருவார்கள். அந்தக் கலவைக்குப் பிடிப்பு இருக்காது. நாளைக்குச் சுவர் உதிர்ந்தால், "பொம்பளை கட்டுனது" என்ற பேர்தான் நிற்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கணக்கில் அவளுக்குச் சின்னச் சின்னதாகக் கலந்து கொடுங்கள். மணலை அளக்க அவளே நிற்கட்டும்.

கட்டு வேலை கைவந்த பிறகு பூச்சு. பூச்சில் சுவரை முதலில் பழக்குங்கள், சீலிங்கைக் கடைசியில். மூலை தூக்குவதை ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பல மேஸ்திரிகள் பெண்ணை நடுச்சுவரிலேயே வருஷக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். மூலை தூக்கத் தெரியாதவர் எத்தனை வருஷமானாலும் பாதிக் கொத்தனார்தான்.

அவளுக்கு யார் சட்டி தூக்குவது

கரண்டி கற்பதைவிட இதுதான் கஷ்டம். அம்மாப்பேட்டையில் ஒரு வீடு. என்னிடம் பழகிய பெண் முதல் தடவையாகத் தனியாக ஒரு நாலரை அங்குலச் சுவர் ஓட்டினாள். கலவை தீர்ந்து, "அண்ணா, கலவை" என்றாள். பெரியாள் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார், அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அவர் பக்கத்துச் சுவருக்குச் சட்டியைக் கொண்டுபோனார். அவளோடு நேற்றுவரை சுமந்த சித்தாளம்மாவும் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சாரத்திலிருந்து இறங்கினாள், சும்மாட்டைத் தலையில் வைத்தாள், தன் கலவையைத் தானே சுமந்துகொண்டு ஏறினாள். அன்றைக்கு அவள் வைத்த கல் நூறுகூட இருக்காது. "இவ்வளவுதான் ஓடுச்சா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

அன்று நான் சிமெண்ட் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்துதான் தெரிந்தது. மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் எல்லாரையும் வைத்துச் சொன்னேன்: "சாரத்துமேல நிக்கறவங்க கொத்தனாரு. கொத்தனாரு கேட்டா கலவை போகணும்." சித்தாளம்மாவிடம் தனியாகப் பேசினேன். அவருக்குக் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. தன்னை யாரும் கேட்கவில்லையே என்ற வருத்தம். அவரும் பிறகு கரண்டி பிடித்தார்.

நீங்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவளுக்கென்று ஒரு ஆளை ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக்காரரிடமும் நீங்களே சொல்லுங்கள், "இந்தச் சுவரு இந்தம்மா ஓட்டறாங்க, நான் மட்டம் பார்த்துத் தர்றேன்" என்று.

கூலி

என் இரண்டாவது தப்பு கூலியில். என்னை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் ஒரு வருஷத்துக்கு மேல் என்னிடம் கொத்தனார் வேலை வாங்கிக்கொண்டு சித்தாள் கூலி கொடுத்தார். "கத்துக்கறேல்ல, அப்புறம் பாக்கலாம்" என்றே நாளை ஓட்டினார். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று தெரிந்தும், என்னிடம் பழகின ஒரு பெண்ணுக்குக் கூலி எப்போது ஏறும் என்று நான் சொல்லாமல் விட்டேன். மனதில் ஒரு தேதி வைத்திருந்தேன், வாயால் சொல்லவில்லை. அவள் காத்துப் பார்த்துவிட்டு ஜவுளி வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது முதல் நாளே நோட்டில் எழுதிவிடுகிறேன். மூன்று மாதம் சித்தாள் கூலி. நூல் பார்த்துத் தனியாக வரி ஓட்டும் நாளிலிருந்து சித்தாள் கூலிக்கும் கொத்தனார் கூலிக்கும் நடுவில். மூலை தூக்கும் நாளிலிருந்து ஆண் கொத்தனாருக்கு என்னவோ அதே கூலி, பத்து ரூபாய்கூடக் குறையாது. சம வேலைக்குச் சம கூலி என்பது 1976-லேயே சட்டமானது. சனிக்கிழமை சம்பளத்தை அவள் கையில் கொடுங்கள். அவள் கணவர் அதே சைட்டில் வேலை செய்தாலும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

கழிப்பறை

வீடு கட்டுகிறவர்களுக்கு இதைக் கும்பிட்டுச் சொல்கிறேன். பெண்கள் சைட்டை விட்டுப் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான். ஒதுங்க இடமில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில், சிமெண்டுத் தூசியில், தண்ணீர் குடிக்காமல். நீர்க்கடுப்பு வந்து மாதம் நாலு நாள் வேலைக்கு வரமுடியாத பெண்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்தவள்.

அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒரு மூலையில் குழி எடுத்து நாலு சிமெண்ட் உறை இறக்கி, ஒரு பேசின் வைத்து, மூன்று பக்கம் தகரமும் உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும் வைத்துக்கொடுங்கள். ஒரு டிரம் தண்ணீர், ஒரு மக். வீட்டுக்கு ஆகிற மொத்தச் செலவில் இது கண்ணுக்கே தெரியாது. வேலை முடிந்ததும் தகரத்தையும் கதவையும் அடுத்த சைட்டுக்கு எடுத்துப் போகலாம். 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. நம் சைட்டில் மூன்று பெண்கள்தான். அந்த விதி நமக்கு வராது, ஆனாலும் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட முடியும்.

சாரத்தில் ஏறும் பெண்ணுக்குச் சேலை வேண்டாம். பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் நல்லது. சேலைதான் என்றால் கொசுவத்தைத் தூக்கிச் செருகி மேலே சட்டை. சாரத்தில் ஒற்றைப் பலகை கூடாது, இரண்டு பலகை, இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு. கையுறை வாங்கும்போது சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். பெரிய கையுறையில் கரண்டி நழுவும், கழற்றி வைத்துவிடுவார்கள், சிமெண்ட் விரல் இடுக்கை அரித்துவிடும்.

வீட்டுக்குப் போய்ப் பேசுவது

அவள் வீட்டுக்குப் போனால் ஒரு டீ குடித்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். மாமியாரிடம் வேலை நேரத்தைச் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று சொல்லி அந்த நேரத்துக்கு விடுங்கள். கான்கிரீட் போடும் நாள் மட்டும் இருட்டிவிடும், முந்தின நாளே தகவல் கொடுங்கள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது எங்கள் பெண்களுக்குப் பெரிய உதவி. அதனால் பஸ் போகும் பாதையிலுள்ள சைட்டுக்கு அவளை அனுப்புங்கள்.

ஏற்காட்டு வேலை என்றால் வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க வேண்டும், மூடுபனி இறங்கினால் வண்டி நகராது. பெண்களைக் கூட்டிப்போனால் நாலு மணிக்குக் கரண்டியைக் கழுவிவிட வேண்டும். கீழேயிருந்து ஆள் கொண்டுபோவதைவிட மேலேயே பழக்குவது நல்லது. காபித் தோட்டத்தில் வேலை செய்த ஒரு அக்காவுக்குக் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டப் பழக்கினேன். தண்ணீர் வெளியேறச் சுவரில் துளை விடவேண்டும் என்று நான் சொல்லும் முன்பே, மழைக்காலத்தில் அந்தச் சரிவில் ஊற்று எங்கே எடுக்கும் என்று கையைக் காட்டினார். துளைகளை அவர் காட்டின இடத்தில்தான் விட்டோம்.

சித்தாள்களின் பெண்பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்திருந்தால், கோரிமேட்டில் அரசு மகளிர் ஐ.டி.ஐ. இருக்கிறது என்று சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது.

கடைசியாக வாரிய அட்டை. 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். பிரசவம், பிள்ளைகள் படிப்பு, விபத்து, 60-க்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கிறது. பல பெண்கள் பதியவே இல்லை, பதிந்தவர்களும் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எடுத்துக்கொண்டு நீங்களே கூடப் போங்கள். அட்டையில் சித்தாள் என்று இருந்தால், அவள் மூலை தூக்கின பிறகு கொத்தனார் என்று மாற்றக் கேளுங்கள். அதற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.